ஹெட்டியின் கெட்டில்

மெர்சர் துறை என்ற கடலோரக் கிராமத்தில் வீட்டின் முன்கதவு சவப்பெட்டிக்கும் பாதிரியாருக்கும் உரியது. மற்ற எல்லோரும் கொல்லைப்புறமாக வந்து, கதவைத் தட்டாமல் திறந்து, காலணிப் பனியை உதறிவிட்டு நேரே சமையலறையில் வந்து நிற்பார்கள். ஹெட்டியின் கணவன் ஆம்ப்ரோஸுக்கு ஆக்ஸிஜன் மெஷினைப் பொருத்த வந்த லெவி நகரத்துப் பையன். அவனுக்கு இது தெரியாது. பனிக்குவியலைக் காலால் தள்ளி வழி பண்ணிக்கொண்டு போய், சிவப்பு எழுத்து எச்சரிக்கையை முன்கதவில் ஒட்டினான். இங்கே ஆக்ஸிஜன் இருக்கிறது, புகை பிடிக்காதீர்கள், நெருப்பு கூடாது என்று அதில் இருந்தது.

போகும் முன் ஹெட்டியை ஒரு பக்கமாக அழைத்துப் பேசினான்.

"இந்த வீட்டுல ஒரு தடவை தீ பட்டதுன்னு தெரிஞ்சாலும் மெஷினைத் திரும்ப எடுத்துடுவாங்கம்மா. அப்புறம் அவரை நகரத்து முதியோர் இல்லத்துலதான் சேக்கணும். அது என் கையில இல்ல."

ஹெட்டிக்கு அந்த இல்லம் தெரியும். ஆம்ப்ரோஸின் அண்ணன் ஹியூபர்ட்டை அங்கேதான் விட்டார்கள். காரில் மூன்று மணி நேரம். பனிப்புயல் வந்தால் சாலையையே மூடிவிடுவார்கள். ஹியூபர்ட்டின் ஜன்னலிலிருந்து கார் நிறுத்துமிடம் தெரிந்தது, கடல் தெரியவில்லை. ஒரு குளிர்காலத்தைக்கூட அவர் அங்கே முழுதாகக் கழிக்கவில்லை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு கிடியன் வழக்கம்போலக் கொல்லைக் கதவைத் திறந்து, உதட்டில் எரியும் சிகரெட்டோடு ஆம்ப்ரோஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஹெட்டி துடைப்பத்தோடு பாய்ந்தாள்.

"வெளிய போடா! எங்களை வறுத்தெடுக்கப் பாக்கிறியா?"

"என்ன ஆச்சு உனக்கு? நான் கல்யாணம் பண்ணின நாள்லேருந்து இங்க உக்காந்துதானே பிடிக்கிறேன்."

"வாசல்ல ஒட்டியிருக்குல்ல?"

"உங்க முன்கதவை நான் எப்போ பாத்தேன்? உன் மாமியார் செத்தப்போ பாத்தது."

ஆம்ப்ரோஸ் மூக்கில் குழாயோடு சிரிக்க ஆரம்பித்து, அது இருமலில் போய் முடிந்தது. அன்று மாலையே ஹெட்டி எச்சரிக்கையை உரித்துவந்து கொல்லைக் கதவில் ஒட்டினாள். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் அதைப் படித்தாள். விறகடுப்பை அணைத்து, மேலே ஒரு பூந்தொட்டியை வைத்தாள். குளிரைச் சமாளிக்க மின்சார ஹீட்டர் வந்தது. ஆம்ப்ரோஸ் அந்த அடுப்பைப் பார்க்கும் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவளுக்குச் சிகரெட் பழக்கம் பதினைந்து வயதில், மீன் ஆலையில் வந்தது. இடைவேளை மணி அடித்ததும் பெண்கள் எல்லோரும் ஆலையின் பின்சுவரில் சாய்ந்து நிற்பார்கள். கையில் ஊறிப்போன காட் மீன் வாடையைப் புகைதான் கொஞ்ச நேரமாவது விரட்டும். அந்தச் சுவரோரம்தான் ஆம்ப்ரோஸ் அவளிடம் நெருப்புக் கேட்டு வந்தான். அவன் சட்டைப்பையிலேயே தீப்பெட்டி இருந்தது அவளுக்குத் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. அப்போதே அவனுக்கு மீசை இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிறு மாலைகளில் சமையலறை மேசையில் புகையிலை டப்பாவையும் கைமெஷினையும் வைத்துக்கொண்டு, வெற்றுக் காகிதக் குழல்களில் புகையிலையை அடைத்து வாரத்துக்கான சிகரெட்டுகளைச் செய்வாள். அவனுக்கு ஒரு டப்பா, அவளுக்கு ஒரு டப்பா. அவனுடையது இறுக்கமாக இருக்க வேண்டும், அவளுடையது கொஞ்சம் தளர்வாக. கடலில் காட் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்ன வருடமும், ஆலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய வருடமும், மகள் ரோண்டா வேலை தேடி ஆல்பர்ட்டாவுக்குப் போன வருடமும் அந்த மேசையில் இரண்டு டப்பாக்கள் இருந்தன.

பிறகு ஆம்ப்ரோஸின் நுரையீரல் போயிற்று. ஆம்புலன்ஸில் போனவன் மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது சிகரெட்டை விட்டிருந்தான். ஹெட்டி விடவில்லை. விட முயன்றாள். இரண்டாம் நாளே பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று காரணமில்லாமல் அழுதாள். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைதான் அவளுக்குக் கதி ஆயிற்று. கோட்டு, காலணி, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு காற்றுக்கு முதுகைக் காட்டியபடி போவாள். வலைகளும் பழைய படகு இயந்திரமும் கிடக்கும் அங்கே கிடியனும் வந்து நிற்பான். திரும்பி வந்து எல்லாவற்றையும் கழற்றி முடிப்பதற்குள் அடுத்த சிகரெட்டுக்கு நேரமாகிவிடும்.

"அங்க உங்களுக்குக் கூத்தும் கும்மாளமும்," என்பான் ஆம்ப்ரோஸ். "நான் இங்க கூண்டுக்கோழி மாதிரி."

"கிடியன் பேச்சைக் கேட்டா உனக்கு அது கும்மாளம்னு தோணாது."

"என்ன சொன்னான் இன்னிக்கு?"

அவள் சொல்வாள். அவன் அதற்காகவே காத்திருப்பான். குழாய் நீளம் அவனைக் கொல்லைக் கதவுவரைக்கும் விடும், அதற்கு மேல் விடாது.

கிறிஸ்துமஸுக்கு வந்த ரோண்டாதான் வேப் என்கிற மின்-சிகரெட்டைக் கொண்டுவந்தாள். விரல் நீளத்தில் நீலக் கருவி, கூடவே மாம்பழ வாசனைத் திரவம் இரண்டு புட்டி.

"அம்மா, இதுல நெருப்பு கிடையாது, சாம்பல் கிடையாது, நாத்தம் கிடையாது. வெறும் ஆவி. அங்க எங்க கூட வேலை பாக்கிறவங்க எல்லாரும் மாறிட்டாங்க."

"இதை வாயில வெச்சா ஊதுகுழல் வெச்ச சின்னப்புள்ள மாதிரி இருக்கும்டி."

"இருமிக்கிட்டே கொட்டகைக்கு ஓடுறதுக்கு அது தேவலாம்."

முதல் இழுப்பு தொண்டையில் எங்கேயும் பிடிக்கவே இல்லை. இரண்டாவதை ஆழமாக இழுத்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினாள். மாம்பழத்தை அவள் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. மாம்பழம் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டதற்கு ரோண்டா, "கிட்டத்தட்ட," என்றாள்.

ரோண்டா விமானம் ஏறும் முன்பே ஹெட்டியின் சிகரெட் டப்பா அலமாரிக்குள் போய்விட்டது. சில வாரங்களில் நாக்குக்கு ருசி திரும்பி, அவளுக்கு உப்புமீன் அதிகமாகக் கரித்தது. மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறினாள். தேவாலயத்துப் பெண்கள், ஹெட்டி சிகரெட்டை விட்டுவிட்டாள் என்று தேநீர் விருந்தில் கைதட்டினார்கள். அவளுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. எல்லாவற்றையும்விட, அவள் சமையலறைக்குத் திரும்பியிருந்தாள். ஆம்ப்ரோஸின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே பறக்கும் பனியைப் பார்த்துக்கொண்டு, வெள்ளை ஆவியைக் கூரையை நோக்கி ஊதினாள்.

"கெட்டில் கொதிச்சிடுச்சா?" என்று அவன் கேலி செய்வான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "ஏ புள்ள, உன் கெட்டில் எங்க? சோபாவுக்கு அடியில பாரு."

மெஷினின் உறுமலும் அவனுடைய கேலியுமாக நாட்கள் போயின. ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. சிகரெட் என்றால் ஒரு முடிவு இருக்கும். விரல் சுடும், நசுக்கிவிட்டு எழுந்து வேலையைப் பார்க்கலாம். இதற்கு முடிவே இல்லை. உருளைக்கிழங்கு சீவும்போது ஒரு இழுப்பு, தொலைபேசி பேசும்போது ஒரு இழுப்பு, படுக்கையை விரிக்கும்போது ஒன்று. காலையில் கண் திறக்கும் முன் கை தலையணைக்கு அடியில் போயிற்று. புட்டி தீரும் வேகம் ரோண்டா சொன்னதைவிட அதிகமாக இருந்தது. முன்பு தான் சிகரெட் பிடித்தது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை.

லெவி மாதம் ஒருமுறை வருவான். இதற்குள் அவனும் கொல்லைப்பக்கமாக வரவும், அத்தை, மாமா என்று கூப்பிடவும் கற்றுக்கொண்டிருந்தான். மெஷினைத் துடைத்து, வடிகட்டியை மாற்றிவிட்டு ஒவ்வொரு முறையும் கேட்பான்.

"வீட்டுக்குள்ள யாரும் புகை பிடிக்கிறதில்லையே, அத்தை?"

"நான் விட்டே மாசக்கணக்கா ஆச்சு, தம்பி."

அவன் வண்டிச் சத்தம் சரிவில் கேட்கும்போதே அவள் கை வேப்பை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுவிடும். ஏன் என்று அவள் யோசித்ததில்லை.

ஆம்ப்ரோஸ் முதலில் விளையாட்டாகத்தான் கேட்டான். பிறகு விளையாட்டாக இல்லை.

"ஒரே இழுப்பு."

"பைத்தியமா உனக்கு?"

"நெருப்பு இல்லன்னு நீதானே சொன்ன. வெறும் ஆவிதானே? குளிக்கும்போது நான் ஆவியை இழுக்கலையா?"

"உன் நுரையீரலுக்கு ஆகாது."

"என் நுரையீரலுக்கு இனிமே என்ன ஆகணும்?" அவன் ஜன்னலைப் பார்த்தான். "நாளெல்லாம் எதிர்ல உக்காந்து ஊதுற. ஞாயித்துக்கிழமை நீ செஞ்சு வெப்பியே, அந்த டப்பாவைத் திறந்தா வர்ற வாசனை எனக்குக் கனவுல வருது. உனக்கு என்ன, உனக்குக் கெட்டில் இருக்கு."

ஒரு மாதம் அவள் மறுத்தாள். மார்ச்சில் பனிப்புயல் வந்து மூன்று நாட்கள் சாலை மூடிக் கிடந்தது. கிடியன்கூட எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஹெட்டி பட்டாணி சூப்பை மின்சார அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஆம்ப்ரோஸ் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆலைச் சுவரோரம் தீப்பெட்டியை மறைத்துக்கொண்டு வந்து நின்றவனின் அதே முகம். அவள் கையை நீட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு. அப்புறம் கேக்கக் கூடாது."

அவன் அதை உதட்டில் வைத்துக் கண்ணை மூடி இழுத்தான். அவன் முகத்தில் பரவிய அமைதியை அவள் பார்த்தாள். அடுத்த கணம் மூக்குக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாக ஒன்று குப்பென்று எழுந்தது. மீசை பொசுங்கியது. குழாய் நுனியில் நெருப்பு மெழுகுவத்தி போல நின்று எரிந்தது.

ஹெட்டி கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. குழாயைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள், மெஷினை நிறுத்தினாள், மேசையிலிருந்த தண்ணீர் ஜாடியைக் குழாய்மேல் பாதியும் அவன் முகத்தில் மீதியுமாகக் கொட்டினாள். எல்லாம் முடிந்தபோது சமையலறையில் கருகிய முடியின் நாற்றமும் மாம்பழ வாசனையும் ஒன்றாக இருந்தன.

"ஒண்ணுமில்ல," என்றான் ஆம்ப்ரோஸ். "ஒண்ணுமில்ல, புள்ள."

ஆனால் மெஷின் இல்லாமல் அவனுக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாய ஆரம்பித்தது. மெஷினைப் போட்டாக வேண்டும். போட்டால் மறுபடி பற்றுமோ என்று அவள் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவன் சட்டையைக் கழற்றி எறிந்தாள். வேறு சட்டை மாட்டினாள். ஈரத்துணியால் முகத்தை மறுபடி மறுபடி துடைத்தாள். அலமாரியிலிருந்து புதுக் குழாயை எடுத்து மாட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். மெஷின் உறுமியது. எதுவும் பற்றவில்லை. அவன் உதட்டில் நிறம் திரும்பும்வரை அவள் தரையில் மண்டியிட்டே இருந்தாள்.

மேலுதடும் ஒரு நாசியும் சிவந்து கொப்பளித்திருந்தன. மறுநாள் சாலை திறந்தும் நர்ஸிடம் போகலாம் என்று இருவருமே சொல்லவில்லை. போனால் லெவியின் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். காயம் கொஞ்சம் ஆறியதும் ஆம்ப்ரோஸ் சொன்னான்:

"எடுத்துடு."

"எதை?"

"மீசையை. பாதி கருகி நின்னா அவன் கேக்காம இருப்பானா?"

அவள் கிண்ணத்தில் வெந்நீரும் ரேஸரும் கொண்டுவந்தாள். புண்ணில் படாமல், முடி முடியாக, மெதுவாக எடுத்தாள். அந்த உதட்டை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. மெல்லிய, பயந்த உதடு. ஹியூபர்ட்டின் உதடு மாதிரியே இருந்தது. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஞாயிறு கிடியன் வந்தான், பார்த்தான், வாய் பிளந்தான்.

"கடவுளே, யார் இந்த ஆளு? ஹெட்டி, புதுசா ஒருத்தனைப் பிடிச்சிட்டியா?"

"வாயை மூடு," என்றாள் ஹெட்டி. அவள் சொன்ன விதத்தில் அவன் நிஜமாகவே மூடிக்கொண்டான்.

லெவி வரும் நாள் வந்தது. அன்று காலை தேநீர் குடிக்கும்போது ஆம்ப்ரோஸ் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்.

"மெஷினை நிறுத்திட்டு இழுத்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஹெட்டி கோப்பையைக் கீழே வைத்தாள். கொப்பளம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அவன் கண் அவள் ஏப்ரன் பையில் இருந்தது. இன்றைக்கு மறுப்பேன், நாளைக்கு மறுப்பேன் என்று அவள் நினைத்தாள். இன்னொரு புயல் வந்தால் கொடுத்துவிடுவேன். அது அவளுக்கு அடுப்பு சுடும் என்பதைப்போல நிச்சயமாகத் தெரிந்தது.

சரிவில் வண்டிச் சத்தம் கேட்டது. அவள் கை தானாகப் பைக்குப் போய், உள்ளேதான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.

"மாமா! மீசை எங்க?" என்று கேட்டுக்கொண்டே லெவி உள்ளே வந்தான்.

"சுறா தின்னுட்டுப் போயிடுச்சு."

லெவி சிரித்தான். குழாயைச் சரிபார்க்கக் குனிந்தவன் சிரிப்பை நிறுத்தினான்.

"இது என்ன காயம்?"

"டவுட்டன் ரொட்டி பொரிக்கிறப்போ கொழுப்பு தெறிச்சிடுச்சு."

"நீங்க எப்போ அடுப்புப் பக்கம் போனீங்க?"

"பசிச்சா போவேன். எனக்கும் கை இருக்கில்ல?"

லெவி ஹெட்டியைப் பார்த்தான். ஆம்ப்ரோஸும் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை அது. காலையில் கேட்டபோது இருந்ததும் அதே பார்வைதான். அவள் பையிலிருந்து நீலக் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தாளு பொய் சொல்றாரு. இதைத்தான் இழுத்தாரு. நான்தான் குடுத்தேன்."

"ஹெட்டி!"

"புயலப்போ. குழாயெல்லாம் எரிஞ்சுது."

லெவி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். சின்னப் பையன்தான், முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, முகமே போயிருக்கும். வீடே போயிருக்கும்."

"இதுல நெருப்பு இல்லன்னு நெனச்சேன், தம்பி."

"உள்ள ஒரு கம்பி இருக்கு. ரொட்டி சுடுற டோஸ்டர்ல பழுத்துச் சிவக்குமே, அந்த மாதிரி. இழுக்கிறப்பல்லாம் பழுக்கும். சாதாரணமா வெளிய தெரியாது. ஆக்ஸிஜன் இருந்தா சும்மா இருக்குமா? நான் வர்றப்பல்லாம் கேட்டேனே உங்களை."

"நீ புகையைப் பத்தித்தான் கேட்ட. நான் சொன்னது பொய் இல்ல." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா உன் வண்டிச் சத்தம் கேட்டா இதை எடுத்து ஒளிச்சு வெச்சேன். ஏன் வெச்சேன்னு என்னைக் கேக்காத."

இதை மேலதிகாரிகளிடம் சொல்லாமல் இருக்க முடியாது, பதில் வரும்வரை மெஷின் இங்கேயே இருக்கட்டும், அதுவரை இந்தக் கருவி வீட்டுக்குள் வரக்கூடாது என்றான் லெவி. போகும்போது கதவிலிருந்த எச்சரிக்கையை ஒரு கணம் நின்று பார்த்தான்.

ஆம்ப்ரோஸ் அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. ஒரே ஒரு முறை, சூப்பை வைத்தபோது, "என் பெட்டியைக் கட்ட ஆரம்பிச்சுடு. ஹியூபர்ட் படுத்த கட்டில் காலியா இருக்கும்," என்றான்.

அவள் மறுபடியும் கொட்டகைக்குப் போனாள். குளிரில் வேப்பின் பேட்டரி செத்துச் செத்துப் போனதால் அதைச் சட்டைக்குள் மார்போடு வைத்துச் சூடாக்க வேண்டியிருந்தது. கிடியன் அதைப் பார்த்துக்கொண்டே தன் சிகரெட்டைப் பற்றவைத்தான்.

"முட்டை அடைகாக்குற மாதிரி இருக்கு. இந்தா, மனுஷன் பிடிக்கிறதைப் பிடி."

அவன் நீட்டிய சிகரெட்டை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடையதைப் போலவே தளர்வாகத் திணித்தது. கண்ணை மூடினாள். திருப்பிக் கொடுத்தாள். ஆனால் அவனுடைய சிகரெட்டைக் கடிகாரமாக வைத்துக்கொண்டாள். அவன் பற்றவைக்கும்போது அவளும் தொடங்குவாள். அவன் நசுக்கும்போது நிறுத்திவிட்டு, கருவியை வலைகளுக்கு நடுவே ஒரு தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வருவாள். சில நாட்கள் அவன் நசுக்கிய பிறகும் நின்றாள்.

பதில் தொலைபேசியில் வந்தது. இந்த முறை மெஷின் இருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து பார்ப்பார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் பேச்சே இல்லை. ஹெட்டி ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இருக்கலாமாம்," என்றாள்.

ஆம்ப்ரோஸ் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தான். மேலுதட்டில் நரைமுடி முளைத்திருந்தது, தீ பட்ட இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. "உன் கெட்டில் எங்க?" என்றான்.

"கொட்டகையில."

"அங்கேயே கிடக்கட்டும்."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கிடியன் என்ன சொன்னான் இன்னிக்கு?" என்றான் அவன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கிடியனின் மருமகன் ஓட்டிய பனிவண்டி குளத்து ஐஸை உடைத்துக்கொண்டு உள்ளே போன கதை. பாதியிலேயே கை ஏப்ரன் பைக்குள் போய்த் துழாவிவிட்டு வெறுமனே வெளியே வந்தது. பனிவண்டி எப்படி வெளியே வந்தது என்பதைச் சொல்ல வந்தவள் கொல்லைக் கதவை ஒரு முறை பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

ஆம்ப்ரோஸ் கவனித்துவிட்டான்.

"போ," என்றான். "போயிட்டு வந்து மீதியைச் சொல்லு."

"முடிச்சிட்டே போறேன்."

"உன் முகத்தைப் பாத்துக்கிட்டு என்னால கதை கேக்க முடியல. போ."

ஹெட்டி எழுந்து கோட்டை மாட்டினாள், காலணிக்குள் காலை நுழைத்தாள். கதவைத் திறந்தபோது அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தான்.